பாடத்துக்கு ஒரு சாவு

பிணம் தவறுதலாகப் பிடோக்குக்குப் போய்விட்டது.

போனைக் காதில் அழுத்திக்கொண்டு இனியா சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிணம் என்றால் ரப்பர் பொம்மைதான். முதலுதவி சொல்லிக்கொடுக்கும் இடத்திலிருந்து இரவல் வாங்கியது. லாரிக்காரர் அதைத் தீவின் கிழக்குப் பக்கம் பிடோக்கில் இதே எண் போட்ட புளோக்கில் இறக்கி, சுவரோரம் உட்காரவைத்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

“அண்ணே, இப்பத் திருப்பிக் கொண்டாந்தா எவ்வளவு நேரமாகும்?”

“சாயங்காலம் ஆயிடும் லா. பொம்மைதானே, அது எங்க போயிடப் போகுது.”

இனியா ஒரு கல்லூரியில் பண்பாட்டு மானிடவியல் நடத்துகிறாள். மனிதர்கள் எப்படிப் பிறக்கிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள், சாகிறார்கள் என்பதை அவர்களோடு உட்கார்ந்து பார்த்து எழுதுகிற படிப்பு. வகுப்பறையில் படம் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று, இந்த முறை தான் குடியிருக்கும் புளோக்கின் கீழேயே பகிர்வு நாள் வைத்திருந்தாள். தமிழர் இறுதிச் சடங்கு, செய்முறை விளக்கத்துடன். மாணவர்கள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. அக்கம்பக்கத்து வீட்டார் மார்க்கெட் பையோடு நின்று பார்த்தார்கள். மூங்கில் பாடை, மண்குடம், மாலை, எல்லாம் தயார். படுக்கத்தான் ஆள் இல்லை.

தேக்காவில் ஈமக்காரியம் செய்கிற கதிரேசன் சங்கை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“டீச்சர், உடம்பு வரலைன்னா நான் கெளம்பறேன். இன்னைக்குத்தான் காசிக்குப் பிளேன். இன்னும் பெட்டி கட்டலை.”

இனியா சுற்றிலும் பார்த்தாள். அவளுடைய அப்பா மருதப்பன் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கப்பல் பட்டறையில் இரும்போடு இரும்பாகக் காய்ந்த மனிதர். எழுந்தால் முட்டி சத்தம் போடும். பகலில் படுப்பது என்பது காய்ச்சலுக்கு மட்டும் அவர் செய்கிற காரியம்.

“அப்பா, கொஞ்ச நேரம் படுக்கறீங்களா?”

“எங்கம்மா?”

“பாடையில.”

மருதப்பன் பாடையைப் பார்த்தார். கீழே வைக்கோல், மேலே வெள்ளைத்துணி. “மெத்தை மாதிரிதான் போட்டிருக்கு,” என்றார்.

கதிரேசன் எழுந்தே விட்டார். “உசுரு இருக்கிற ஆளுக்கா?”

“டெமோதான், ஐயா. நாடகம் மாதிரி.”

“எனக்கு நாடகம் தெரியாதும்மா. அரைகுறையாவும் செய்ய வராது. செஞ்சா முழுசாச் செய்வேன்.”

இனியாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. மைக்கில் அதை அப்படியே மாணவர்களுக்குச் சொன்னாள். சடங்கு செய்பவருக்கு ஒத்திகை என்று ஒன்று கிடையாது, சடங்கு என்பது பேச்சு அல்ல, ஒரு வேலை, அது ஓர் ஆளைப் பழைய இடத்திலிருந்து எடுத்துப் புது இடத்தில் வைத்துவிடும் என்றாள். மாணவர்கள் போனில் தட்டிக்கொண்டார்கள்.

கதிரேசன் வேலையைத் தொடங்கினார். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். நெற்றியில் திருநீறு. கழுத்தில் மாலை. மேம்பாலத்தில் ரயில் போகும்போதெல்லாம் இனியா குரலை உயர்த்த வேண்டியிருந்தது. கதிரேசன் நடுநடுவே அதைக் கேட்டார், இதைக் கேட்டார். அவள் மைக்கிலிருந்து வாயை எடுத்துப் பதில் சொல்லிவிட்டு மறுபடி மைக்குக்குப் போனாள். மாணவர்கள் வரிசையில் வந்து வாய்க்கரிசி போட்டார்கள். மருதப்பன் முதல் பிடியை மென்று விழுங்கினார். அடுத்த பிடிக்குள் தூங்கிவிட்டார். குறட்டை தூண் தூணாகப் போய் மோதித் திரும்பியது.

“பிணம் குறட்டை விடுதே,” என்று ஒரு பையன் சிரித்தான்.

கதிரேசன் சிரிக்கவில்லை. குடத்தில் ஓட்டை போட்டு, சுற்றி வந்து, உடைத்தார். திரும்பிப் பார்க்காமல் சங்கையும் பையையும் எடுத்துக்கொண்டு டாக்ஸி ஏறினார். மாணவர்கள் கைதட்டினார்கள். கைதட்டு வாங்கிய சாவு அந்தப் புளோக்கில் அதுதான் முதல்.

கைதட்டலில் மருதப்பன் விழித்தார். “முடிஞ்சுதா? நல்ல தூக்கம்,” என்று எழுந்து ஓரடி வைத்தார். விரல்கள் கட்டியிருந்ததால் அப்படியே நாற்காலி வரிசைமேல் விழுந்தார்.

*

அம்மா சிவகாமசுந்தரி பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை முடிந்து வந்து, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்து வீட்டு முனீரா ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள்.

“உள்ள வராதீங்க.”

“ஏய் சுந்தரி, பாடத்துக்குப் படுத்தேன்.”

“சடங்கு செஞ்சது யாரு?”

“கதிரேசன்.”

அம்மாவின் முகம் மாறியது. “கதிரேசன் கையால காரியம் ஆனவங்க யாரும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லை.”

இனியா இடையில் புகுந்தாள். “அம்மா, அது டெமோ. அர்த்தம் நாமதான் கொடுக்கறோம். நாம அதைச் சாவுன்னு நெனைக்கலைன்னா அது சாவு இல்ல.”

“குடம் உடைஞ்சுதா இல்லையா?”

“உடைஞ்சுது.”

“அப்புறம் என்ன அர்த்தம் கொடுக்கறே நீ?”

மஞ்சள் தண்ணீர் வந்தது. அம்மா அதை மருதப்பன் தலையில் ஊற்றினாள். வேட்டி சொட்டச் சொட்ட அவர் காரிடாரிலேயே நின்றார். வீடு கழுவிக் காயும்வரை வெளியே போய் இருக்கும்படி உத்தரவு.

அப்பாவும் மகளும் கீழே அப்துல் காதர் டீக்கடைக்குப் போனார்கள். இனியா விரல் காட்டி ரெண்டு தே தாரிக் சொன்னாள். அப்துல் காதர் ஒன்றைக் கொண்டுவந்து மருதப்பன் முன்னால் வைத்துவிட்டுத் துண்டால் மேசையைத் துடைத்தார். அவள் கை வைத்திருந்த இடத்தையும் சேர்த்துத் துடைத்தார்.

“ரெண்டு சொன்னேனே பாய்,” என்றாள். அவர் அதற்குள் அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

மருதப்பன் கிளாசையே பார்த்தார். பிறகு மெதுவாக அவள் பக்கம் தள்ளினார். “குடிம்மா. உனக்கு வந்துடுச்சு. எனக்குத்தான் வரலை.”

“அப்பா, கூட்டத்துல மறந்திருப்பாரு.”

“இத்தனை வருஷமா மறந்ததில்லையே.”

கிளாசைத் தள்ளிய கையை அவர் ஈர வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார். கொதிக்கும் குழாயைத் துணி சுற்றாமல் பிடிக்கிற கை. இனியா எழுந்து, “வாங்க, கிளினிக்குக்குப் போலாம். டாக்டர் சொன்னா நம்புவீங்கல்ல,” என்றாள்.

கிளினிக்கின் கண்ணாடிக் கதவு இனியா போய் நின்றபோது அசையவில்லை. கையை ஆட்டினாள். ஒரு காலை முன்னே வைத்துப் பின்னே எடுத்தாள். பின்னால் வந்த மருதப்பன் நெருங்கியதும் கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது.

“பாத்தியா,” என்றார் அவர். “யோசிச்சு யோசிச்சுத் திறக்குது. நான் இருக்கேனா இல்லையான்னு அதுக்கே சந்தேகம்.”

தாதி அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். “நார்மல், அங்கிள்.”

“செத்தவனுக்குக் கொதிப்பு எங்கேர்ந்து வரும்,” என்றார் மருதப்பன்.

*

மறுநாள் சம்பந்தியம்மா கூப்பிட்டாள். இனியாவைக் கட்டிக்கொள்ளப்போகிற அருண்ராஜின் அம்மா. கல்யாணம் அடுத்த மாதம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. கேலாங்கில் கோயில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. நடுவில், மாலை போட்டுப் பாடையில் படுத்திருக்கும் மருதப்பனின் படம் ஒரு மாணவன் கையிலிருந்து கிளம்பி, சிங்கப்பூர் முழுக்கச் சுற்றி, சம்பந்தியம்மாவின் போனில் வந்து இறங்கியிருந்தது.

“அழுதுட்டேன்மா. அப்புறம்தான் அருண் சொன்னான், ஆள் உயிரோடதான் இருக்காருன்னு.”

“ஆமா அத்தை, அது கிளாசுக்காக.”

“கிளாசோ என்னவோ, காரியம் முழுசா ஆயிடுச்சுல்ல. தாரை வாத்துக் குடுக்க ஆள் வேணும். காரியம் ஆன கையிலேர்ந்து என் மகன் எப்படிப் பொண்ணை வாங்குவான்?”

“சித்தப்பா யாராச்சும் குடுக்கலாமே அத்தை.”

“அப்பா இல்லைன்னாதான் சித்தப்பா குடுக்கணும். அப்ப உங்கப்பா இல்லைன்னு ஒத்துக்கறே.”

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. இனியாவே வகுப்பில் இப்படித்தான் பேசுவாள்.

அருண்ராஜிடம் பேசினாள். அவன் பாலம் கட்டுகிற கம்பெனியில் பொறியாளர். “எனக்கு இதுல நம்பிக்கையே இல்ல இனியா. பட் அம்மாகிட்ட நீதான் பேசணும்,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

அம்மா சாப்பாட்டு மேசையில் குங்குமச்சிமிழை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் காலையிலிருந்து அப்படியே இருக்கிறாளாம். மருதப்பன் காரிடாரில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்தார். தன் கல்யாணமும் இந்தப் பாயும் ஒன்றாகச் சுருண்டு கிடப்பதை இனியா பார்த்தாள். சரிசெய்யாமல் விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தாள். கதிரேசனைக் கேட்கலாம் என்றால் அவர் போன் காசியில் அணைந்து கிடந்தது.

*

“சூப்பர் கேஸ் லா இது,” என்றாள் ஜெனிவீவ். அதே கல்லூரியில் பக்கத்து மேசைக்காரி. மாதா கோயிலுக்கு ஞாயிறு தவறாதவள். “எங்க ஆளுங்கன்னா ஃபாதர் ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சு முடிச்சிருப்பாரு. உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லையா?”

“செத்தவரைத் திரும்பக் கொண்டுவர ஏது சடங்கு?”

“கொண்டுவர வேண்டாம். திரும்பப் பெத்துக்கோங்க.”

இனியா நிமிர்ந்தாள். செத்துவிட்டதாக எண்ணிக் காரியம் செய்யப்பட்டவன் உயிரோடு வந்து நின்றால், அவனைப் புதிதாகப் பிறந்தவனாக வைத்துப் பிள்ளைச் சடங்குகளை முதலிலிருந்து செய்து ஊருக்குள் சேர்ப்பது சில இடங்களில் வழக்கம் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. எங்கே என்று ஞாபகம் இல்லை. ஆனால் அழகான தீர்வு. மாணவர்களையும் அழைத்துப் போகலாம்.

கேலாங் கோயில் பக்கத்து மண்டபத்தில் ஒரு புரோகிதர் கிடைத்தார். அவர் மருதப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

“குழந்தை எங்கே?”

“இவர்தான்,” என்றாள் இனியா.

புரோகிதர் நிறையப் பார்த்தவர். ஒன்றும் கேட்காமல் கலசம் வைத்தார். தொட்டிலில் போட முடியாது என்று சேலையைத் தூணில் கட்டி ஒரு காலை மட்டும் வைக்கச் சொன்னார். மருதப்பன் நரைத்த மார்போடு ஒற்றைக்கால் ஊஞ்சலில் நின்றார். அம்மா நாக்கில் தேன் தடவினாள்.

“பேர் என்ன வைக்கிறது? பழைய பேர் கூடாது. அது போன ஆளோட போச்சு.”

மருதப்பன் யோசித்தார். போர்மன்கள் வாயில் நுழையாமல் ஆயுள் முழுக்க மேப், மாப்பு என்று கூப்பிடப்பட்ட பேர் அது. “ரித்திக்,” என்றார்.

“அப்பா.”

“இப்பப் பொறக்கற புள்ளைங்களுக்கெல்லாம் அதானேம்மா பேரு.”

காதில் மூன்று முறை ஓதப்பட்டது. வெளியே வரும்போது மருதப்பன் முட்டி சத்தம் போடவில்லை என்று அம்மா சொன்னாள். பாய் காரிடாரிலிருந்து உள்ளே வந்தது. காலையில், “ரித்திக், பல் விளக்கிட்டு வாங்க,” என்று அம்மா கூப்பிடுவதும், அவர் வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து வருவதும் கேட்டது. இனியா படுக்கையில் கிடந்து சிரித்தாள். தனக்கு யாரும் காப்பி கொண்டுவரவில்லை என்பது மதியம்தான் உறைத்தது.

சம்பந்தியம்மாவுக்குத் தானே போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

“நல்ல காரியம்,” என்றாள் அவள். “ஆயுசோட இருக்கட்டும். ஆனா போன வாரம் பொறந்தவருக்கு மக எப்படிம்மா வந்தா?”

இது போதாதென்று அம்மா தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். “இது மருதப்பன் கட்டினது. இவரு ரித்திக். ஒரே வீட்டுல எப்படி இருக்கறது? முனீரா ஒரு மாதிரியாப் பாக்கறா.”

*

வகுப்பில் அன்று உறவுமுறைப் படம். ஆணுக்கு முக்கோணம். பெண்ணுக்கு வட்டம். கல்யாணத்துக்குச் சமக்குறி. இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. இனியா பலகையில் தன் வீட்டையே வரைந்தாள். மருதப்பன் முக்கோணத்தின் மேல் கோடு இழுத்தாள். பக்கத்தில் புதிய முக்கோணம், ரித்திக். அதிலிருந்து அம்மாவின் வட்டத்துக்குச் சமக்குறி போட்டால் வேலை முடிந்தது. இருவரும் மறுபடி கட்டிக்கொண்டால் போதும். அவர் கணவர் ஆகிவிடுவார், தானாகவே தகப்பனும் ஆகிவிடுவார்.

“மிஸ்,” என்றாள் திவ்யதர்ஷினி என்ற மாணவி. “கீழ இருக்கற அந்த வட்டம் யாரோடது? அது உயிரோட இருக்கற யாரோடயும் ஒட்டலையே.”

இனியா பார்த்தாள். தன் வட்டம் கோடு போட்ட முக்கோணத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் புதிய கோட்டுக்கு மாற்றலாம் என்று கையால் அழித்தாள். வட்டமும் சேர்ந்து அழிந்தது. திரும்ப வரைவதற்குள் மணி அடித்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. முதல் கல்யாணம் மருதப்பனின் இரண்டு ஷிப்டுக்கு நடுவில், பதிவு அலுவலகத்தில், கிரீஸ் வாசனையோடு நடந்தது. இப்போது இனியாவின் கல்யாணத்துக்கென்று பிடித்த மண்டபம் குறித்த தேதியில் சும்மா கிடந்தது.

“சம்பந்தியம்மா ஒத்துக்கறவரைக்கும் உன் கல்யாணம் நடக்காது. மேளம், சாப்பாடு, எல்லாம் சொல்லியாச்சு. வீணாப் போகணுமா?”

“அது என் தேதிம்மா.”

“தேதியில பேரா எழுதியிருக்கு?”

அப்படியே நடந்தது. இனியாவின் அரக்குப் பட்டு அம்மாவுக்குக் கச்சிதமாக இருந்தது. இனியாவுக்கு எடுத்த வளையல், இனியாவுக்குச் சொன்ன அலங்காரக்காரி, இனியாவுக்குப் பார்த்த முகூர்த்தம். மருதப்பன் புது வேட்டியில் பிள்ளைமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேளம் முழங்கியபோது அம்மா உண்மையாகவே அழுதாள். மண்டபத்தில் பாதிப்பேர் அழுதார்கள். இனியாவும் அழுதாள், எதற்கென்று தெரியாமல்.

வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவள் எல்லோர்மேலும் பன்னீர் தெளித்தாள். இனியாவைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் வந்தவர்மேல் தெளித்தாள். போட்டோக்காரர், “குடும்பம் மட்டும் நில்லுங்க,” என்றார். அவள் அம்மாவின் தோளோரம் போய் நின்றாள். அவர் கேமராவில் பார்த்துவிட்டு, “அந்தப் பக்கம் காலியா இருக்கு, மாப்பிள்ளை இன்னும் ஒட்டி வாங்க,” என்றார். இனியா தள்ளி நின்றுகொண்டாள். வெளிச்சம் சரியில்லை போலிருக்கிறது.

சம்பந்தியம்மா வெள்ளிக் குத்துவிளக்கோடு வந்திருந்தாள். தம்பதி காலில் விழுந்தார்கள். பிறந்து சில வாரமே ஆனவர் என்பதால் அவள்தான் மூத்தவள். மருதப்பன் தலையில் கைவைத்து நிறைந்த மனதோடு வாழ்த்தினாள்.

“சீக்கிரமே ஒரு பொண்ணு பொறக்கட்டும். நாங்க காத்திருக்கோம்.”

அருண்ராஜ் பக்கத்தில் நின்று பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். இனியா அவன் கையைப் பிடித்தாள். அவன் ஏசியைப் பார்த்தான். “இங்க ரொம்பக் குளிருது லா,” என்று கையை உதறிப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

*

அதற்குப் பிறகு இனியா தூக்கம் போதாமல் இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படித்தான் அவளும் சொல்லிக்கொண்டாள். கல்லூரி வாசலில் அவளுடைய அட்டை சத்தம் போடவில்லை. வேறு யாராவது உள்ளே போகும்போது ஒட்டிக்கொண்டு போனாள். அருண்ராஜுக்கு அனுப்பிய செய்திகளில் போய்ச் சேராத ஒற்றைக் குறிதான் விழுந்தது. கணினியில் நடந்த துறைக் கூட்டத்தில் பேசிப் பேசித் தொண்டை வறண்டது. முடிந்ததும் பக்கத்து மேசையில் ஜெனிவீவ் யாரிடமோ போனில் சொல்வது கேட்டது.

“இல்ல லா, அவ கூட்டத்துக்கே வரலை. கிளாசுக்கும் வரலையாம். கல்யாணம் நின்னுபோச்சுல்ல, பாவம், எங்கயாச்சும் போயிருப்பா.”

“மியூட்ல இருந்திருப்பேன் ஜெனி,” என்றாள் இனியா. ஜெனிவீவ் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

வீட்டில் புதுமணத் தம்பதி அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். மேசையில் இரண்டு தட்டுகள். கோபம் என்று இனியா நினைத்தாள். நியாயமான கோபம்தான். பாடம் நடத்துகிறேன் பேர்வழி என்று பெற்ற அப்பனைப் பாடையில் ஏற்றியவள்மேல் கோபம் வராமல் என்ன வரும். பானையில் மிச்சமிருந்ததைத் தானே போட்டுத் தின்றாள். உப்பு தெரியவில்லை.

இதையெல்லாம் ஒரே ஆள்தான் அவிழ்க்க முடியும். சடங்கைக் கட்டியவர் வந்து, அது வெறும் பாடம்தான், யாரும் சாகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சம்பந்தியம்மா கேட்பாள். தன் கல்யாணம் தனக்குத் திரும்பக் கிடைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதப்பன் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். “கதிரேசன் காசியிலேர்ந்து வந்துட்டாராம். ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுவோமா?”

“நானும் வரேன்,” என்றாள் அம்மா.

“நானும்,” என்றாள் இனியா.

மருதப்பன் கதவைச் சாத்தும்முன் அவள் இடுக்கில் நுழைந்து வெளியே வந்தாள். ரயிலில் அவர்கள் இருவரும் உட்கார, இவள் நின்றாள். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். லீவு கிடைத்த ஊழியர்கள் தெருவை நிறைத்துக்கொண்டு காய்கறியும் போன் கார்டும் வாங்கினார்கள். தோளில் இடிக்காமல் அங்கே யாரும் நடக்க முடியாது. இனியா இடிபடாமல் நடந்தாள். அந்த ஜனத்துக்குள் அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை. உள்ளங்கை வியர்க்கிறதா என்று பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

கதிரேசன் வீடு மார்க்கெட்டுக்கு மேலே இருந்த புளோக்கில். கதவைத் திறந்தவர் மொட்டைத் தலையோடு, முகம் மலர்ந்து வரவேற்றார்.

“வாங்கய்யா வாங்க. அன்னைக்கு நல்லாத் தூங்குனீங்களே. இது வீட்டம்மாவா?”

வெயில் ஜன்னல் வழியே தரையில் விழுந்திருந்தது. அவர் இரண்டு ஸ்டூல்களை எடுத்துப் போட்டார். காசித் தீர்த்தம் இரண்டு கிளாசில் வந்தது. மருதப்பனும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். இனியா கதவோரம் நின்றபடியே கேட்டாள்.

“ஐயா, அன்னைக்கு அப்பாவுக்குச் செஞ்சதை மாத்த வழி இருக்கா? அது சும்மா டெமோதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என் கல்யாணமே அதுலதான் நிக்குது.”

கதிரேசன் கிளாசை மருதப்பன் கையில் கொடுத்தார். “குடிங்க. கங்கைத் தண்ணி.”

“ஐயா,” என்றாள் இனியா மறுபடி, இன்னும் சத்தமாக.

மின்விசிறி சுற்றியது. கீழே மார்க்கெட்டில் யாரோ மீன் வெட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. மருதப்பன் தீர்த்தத்தை ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“அது வந்து, கதிரேசன், பாடத்துக்குன்னு படுத்தேன், வீட்டுல ஒண்ணொண்ணா என்னென்னமோ ஆகிப்போச்சு. செத்தவனாப் போயி, பொறந்து, கல்யாணமும் கட்டியாச்சு. எனக்குச் செஞ்ச காரியத்தை அவுத்துவிட ஒரு வழி சொல்லுங்க.”

கதிரேசன் அவரை வியப்போடு பார்த்தார்.

“உங்களுக்கு நான் ஒண்ணுமே செய்யலையே ஐயா. பேரு நட்சத்திரம் என்னன்னு கேட்டேன், அர்ச்சனைக்குச் சொல்ற மாதிரி டீச்சர் படக்குன்னு ‘இனியா, திருவாதிரை’ன்னாங்க, அந்தப் பேருக்குத்தான் முழுசாச் செஞ்சு முடிச்சேன், அது சரி, டீச்சர் உங்ககூட வரலையா?”